நூலகப் பங்காளர்கள் தண்ணீர் அள்ளும் நேரம்

எங்கள் நூலகத்தின் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. சமூகத்தோடு சிறந்த பங்காளித்துவத்தைக் கட்டியெழுப்பியதற்காகக் கிடைத்தது. பக்கத்தில் ஒரு படம். வாசிப்பு மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் இருக்கிறார்கள், காலடியில் தண்ணீர்க் கான்கள். ஐந்து பேர் கமராவைப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் குனிந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆறு பேரில் ஒருவரும் இப்போது நூலகத்துக்கு வருவதில்லை. பிரதேச சபையில் கொழுவச் சொன்னார்கள், நான் ஆணி அடித்துக் கொழுவினேன். கழற்றி எறியலாம்தான். ஆனால் ஏன் கழற்றினீர் என்று கேட்பார்கள், பதிலை எழுத்தில் தரச் சொல்வார்கள். எழுத்தில் பதில் கொடுத்துக் கெட்டுப்போனவள் நான்.

சரவணையிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருகிற நூலகர் நான். நூலகம் எங்கள் தீவிலேயே இன்னொரு ஊரில் இருக்கிறது. நயினாதீவுக்குப் போகிற சனத்தை ஏற்றிய பஸ்கள் இறங்குதுறையைப் பார்த்து ஓடுகிற வீதியில், மூன்று அறைகள், ஒரு விறாந்தை, ஒரு வேம்பு, ஒரு கிணறு. நூலகத்துக்கு இடப்பக்கத்து ஒழுங்கை காணிக்காரரின் பக்கம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், ஆட்கள் கனடாவில், ஆனால் வேலி மட்டும் வருசாவருசம் புதிதாக அடைபடும். வலப்பக்கத்து ஒழுங்கை கரைக்குப் போகும். அங்கே வள்ளங்கள், வலைகள், தேவாலயம், கடலை நம்பிப் பிழைக்கிற வேதக்காரச் சனம். இரண்டு ஒழுங்கையும் எங்கள் கேற்றடியில்தான் சந்திக்கின்றன. நூலகம் கட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று யாரோ ஒருகாலத்தில் நினைத்திருக்கவேண்டும். நினைத்தவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது.

‘இந்நூலகம் அனைவருக்கும் பொதுவானது’ என்று வாசலில் எழுதியிருக்கிறது. எழுதினால் ஆயிற்றா? நான் வேலைக்கு வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். கரைப்பக்கத்து ஆட்கள் பேப்பர் பார்க்க வருவார்கள், விறாந்தையில் நின்றபடியே பார்ப்பார்கள். உள்ளே கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும்.

“இருந்து வாசியுங்கோவன், அண்ணை,” என்பேன்.

“இல்லைப் பிள்ளை, இப்ப போயிடுவன்.”

அரை மணித்தியாலம் நின்று மரண அறிவித்தல் பக்கம் முழுவதையும் ஒன்றும் விடாமல் வாசித்துவிட்டுப் போவார்கள். எங்கள் தீவில் எல்லாரும் பேப்பரைப் பின்னாலிருந்துதான் வாசிப்பது. யார் செத்தார், எங்கே செத்தார், பாரிசிலா ஸ்கார்பரோவிலா, அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாட்டு நடப்பு.

உள்ளே ஒரு கதிரையில் மட்டும் எப்போதும் ஆள் இருக்கும். அது பென்சனியரின் கதிரை. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், காணிக்காரப் பக்கத்து ஆள். நூலகம் நிற்கிற காணியை நன்கொடையாகக் கொடுத்த குடும்பத்தின் உறவு, அந்தக் குடும்பத்துக்கு ஊரில் மிச்சமிருக்கிற கண்ணும் காதும். காலை ஒன்பதுக்கு வருவார், மின்விசிறிக்குக் கீழே இருப்பார், பன்னிரண்டுக்குப் போவார். சபையிலிருந்து கேட்கும்போதெல்லாம் நான் ‘வாசகர் வட்டம்’ என்று அனுப்பிய அறிக்கைகளில் வட்டம் முழுவதும் அவர்தான். வட்டத்துக்கு ஒரு புள்ளி போதும் என்று எனக்குள் பகிடி விட்டுக்கொள்வேன்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் சுற்றுநிருபம் வந்தது. ஒவ்வொரு நூலகமும் தன் பிரதேசத்தில் ‘சமூகப் பங்காளர்களை’ இனங்காண வேண்டும், அவர்களுடைய தேவைகளை அறிந்து இணைந்து செயற்பட வேண்டும், பெயர்ப்பட்டியலும் புகைப்படங்களும் அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, யாரோ ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாகத் தமிழாக்கியது என்பது வாசிக்கவே தெரிந்தது. சபைச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார், “மிஸ், எப்படியும் ஒரு லிஸ்ட் வேணும். நீங்கள் யாரையாவது பிடிச்சுப் போடுங்கோ.”

பென்சனியரைப் பங்காளர் என்று போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் கிணறு வற்றாத எங்கள் வளவுக்குக் கரைப்பக்கத்து அக்கா ஒருவர் வந்தா.

கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்றுவட்டத்தில் எல்லாக் கிணறும் உவர். குளித்தால் தலைமயிர் சடைபிடிக்கும், தேத்தண்ணீருக்குப் பால் விட்டால் திரையும். நூலகக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். ஆனிக்குப் பிறகு கரைப்பக்கச் சனம் சாட்டிக் கிணறுகளிலிருந்து தண்ணீர் ஏற்றி வருகிற பவுசர் லொறியைக் காத்திருப்பார்கள். பவுசர் வந்தால் வரும், வராவிட்டால் வராது. நூறு மீற்றர் தூரத்தில் நல்ல தண்ணீர் இருக்க, வீதியோரம் வெயிலில் கான்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்பார்கள். ஒருநாளும் ஒருவர் எங்கள் கேற்றைத் திறந்து வந்து கேட்டதில்லை. வருகிற வழக்கமில்லை. வழக்கம் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்குமேல் கேள்வி இல்லை.

அன்றைக்குப் பவுசர் மூன்றாம் நாளாக வரவில்லை. பின்னேரம் கேற்றுக்கு வெளியே நின்று ஒரு குரல், “பிள்ளை, பிள்ளை” என்றது. ஐம்பது வயது மதிக்கலாம். மீன் தரம்பிரித்துக் காயவைக்கிற கைகள், கையில் இரண்டு கான். “வீட்டிலை அவருக்கு மருந்து குடிக்கவும் தண்ணி இல்லை. உந்தக் கிணத்திலை ரெண்டு கான் அள்ளித் தருவீரோ?”

அள்ளிக் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையில் நான் நல்லவளாகிவிடுவேன். அவவை உள்ளே கூப்பிடவில்லை. நானே வாளியை இறக்கி, நானே அள்ளி, கேற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கான் வாயில் ஊற்றினேன். வயதான மனுசிக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். அவ கயிற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டது என் கைதான், என் மூளைக்கே அது தெரியாது. எங்கள் வீட்டிலே அம்மா அப்படித்தான் ஊற்றுவா. படித்து, சோதனை பாஸ் பண்ணி, நூலகர் வேலை எடுத்து, கடைசியில் கேற்றடியில் நின்று அம்மா மாதிரியே ஊற்றினேன்.

அடுத்த நாளும் வந்தா, அப்படியே ஊற்றினேன். மூன்றாம் நாள் அவ கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கிணற்றுக்கட்டில் கான்களை வைத்து, என் கையிலிருந்த கயிற்றை வாங்கினா.

“விடும் பிள்ளை. உமக்கு நாரி நோகும். எனக்கு வலை இழுத்துப் பழகின கை.”

அவ சிரிக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, அவவுக்கு முதல்நாளே விளங்கியிருந்தது என்று. என் காது சுட்டது. அந்தச் சூட்டில்தான் கேட்டேன், “அக்கா, வந்த கையோட உள்ளுக்கு வந்து கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோவன். பேப்பர் கிடக்கு.”

வந்து இருந்தா. மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்து, விரலை வைத்துச் சத்தமாக வாசித்தா. நாலாம் வகுப்போடு படிப்பு நின்ற ஆள். ‘அன்னார்’ என்கிற சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்துவிட்டு மேலே போவா.

பிறகு அவவோடு ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர். ஆறு பெண்கள். கான்களை நிரப்பி வேம்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து மேசையைச் சுற்றி இருப்பார்கள். அக்கா பேப்பரை வாசிக்க மற்றவர்கள் யார், எந்த ஊர், யாருடைய பெறாமகள் என்று அலசுவார்கள். நான் ஆறு பேருக்கும் அங்கத்துவ அட்டை போட்டேன். அக்கா முதலில் எடுத்தது நீரிழிவு நோயைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதிய புத்தகம், புருசனுக்காக. அதைத் திருப்பித் தந்தபோது, “உதிலை சொல்லியிருக்கிறதைப் பாத்தா அந்த மனுசன் இனிப் பட்டினிதான்” என்றா. அடுத்து ஒரு துப்பறியும் நாவல் எடுத்தா. அதைக் கரையில் மீன் காயவைக்கும்போது மற்றவர்களுக்கு உரக்க வாசித்ததாகச் சொன்னா. ஒரு நாள் கடைசி அத்தியாயம் வருவதற்குள் மழை தூறி, மீனையும் விட்டுவிட்டு எல்லாரும் வாடிக் கொட்டிலுக்குள் ஓடிப்போய் யார் கொலைகாரன் என்று கேட்டார்களாம்.

அந்தப் புத்தகம் திரும்பி வந்தபோது நடுப்பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை பென்சனியர் அதே புத்தகத்தை எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“பிள்ளை, மீன் வெடுக்கு அடிக்குது.”

“வாசிச்சிருக்கினம் ஐயா,” என்றேன். “மற்றப் புத்தகங்களிலை ஒரு மணமும் இல்லை. ஒருத்தரும் திறக்கேல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான். எனக்கோ அன்று முழுவதும் தலைகால் தெரியாத சந்தோசம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய நன்கொடைப் புத்தகங்கள் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. டெனிஷ் மொழியில் கேக் சுடுவது எப்படி என்று ஒன்று, பனிச்சறுக்கு விளையாட்டு விதிகள் என்று ஒன்று. அவற்றைத் தூசு தட்டித் தட்டி என் இருபது வருசமும் போய்விட்டது. ஒரு செதிலைக் கண்டதும் இதுதான் நூலகம் என்று தோன்றியது. சுற்றுநிருபம் கேட்டதும் இதுதானே. அவர்களுடைய தேவை தண்ணீர், என்னுடைய தேவை வாசகர். ஒருவருக்கொருவர் கொடுத்தோம். பெயர்ப்பட்டியலில் ஆறு பேரையும் எழுதினேன். படம் எடுத்தேன். அனுப்பினேன். முதல்தடவையாகச் சபைக்கு ஒரு பொய்யும் எழுதாமல் அறிக்கை அனுப்பினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆவணியில் வெயில் கூடக் கூட கரைப்பக்கத்து மற்றப் பெண்களும் வரத் தொடங்கினார்கள், வாளிக்கு இழுபறி, ஒருநாள் கூந்தல் பிடிக்கிற அளவுக்கே போனது. ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நான்தான் நினைத்தேன். தடித்த வெள்ளை மட்டையில், மார்க்கர் பேனையால், என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கிணற்றடித் தூணில் கட்டினேன்: ‘நூலகப் பங்காளர்கள் தண்ணீர் அள்ளும் நேரம்: பி.ப. 3.00 முதல் 4.30 வரை.’ அங்கத்தவராய்ச் சேர்ந்தவர்கள் வரலாம், சேராதவர்கள் சேர்ந்துவிட்டு வரலாம். அதுதான் நான் சொல்ல நினைத்தது. சுற்றுநிருபத்தில் கிடந்த சொல்லை எடுத்துக் கிணற்றில் கட்டினேன், கொஞ்சமும் யோசிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிணறும் பங்கும் எங்கள் ஊரில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற சொற்கள் அல்ல. எந்தக் காணி உறுதியை எடுத்தாலும் ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகச் சகோதரங்கள் சாகும்வரை கதையாமல் இருந்திருக்கிறார்கள். கிணற்றுப் பங்கு வழக்குக்காகக் கோட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அப்படிப்பட்ட ஊரில், கிணற்றுத் தூணில், சபையின் நூலகர் தன் கையால் ‘பங்காளர்கள்’ என்று எழுதிக் கட்டினாள்.

அன்று பின்னேரம் அக்கா கானை வைத்துவிட்டு அந்த மட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“பிள்ளை, உது என்ன பங்கு? எங்கட கோயில் பங்கோ, மீன் பங்கோ, கிணத்துப் பங்கோ?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பங்கு என்றால் முதலில் பாதிரியாரின் பொறுப்பில் இருக்கிற கோயில் பங்கு, அடுத்தது வள்ளம் வந்ததும் கரையில் பிரிக்கிற பங்கு. எனக்கும் சிரிப்பு வந்தது.

“மூண்டுந்தான் அக்கா,” என்றேன்.

அவ சிரிக்கவில்லை. “பகிடி விடாமல் சொல்லும். கிணத்திலை எங்களுக்குப் பங்கு இருக்கெண்டு எழுதியிருக்கிறீரோ? உண்மையாவோ?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, சுற்றுநிருபம், மொழிபெயர்ப்பு, சமூகப் பங்காளித்துவம் என்றெல்லாம் எப்படி விளக்குவது? விளக்கியிருக்கத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அந்த நேரம் என்மேலேயே ஒரு பெருமை. முதல்நாள் கேற்றடியில் ஊற்றிய தண்ணீரை இப்போது துடைத்துவிடலாம் என்று ஒரு ஆசை.

“ஓம் அக்கா,” என்றேன்.

அவ கயிற்றை வாங்கி வாளியை இறக்கினா. அன்றைக்குத் தன் கானுக்கு முதல் ஒரு வாளி அள்ளி, வேம்புக்கு ஊற்றினா. உரிமைக்காரர் செய்கிற வேலை அது. பிறகு மற்றவர்களைப் பார்த்து, கிணற்றுக்கட்டில் பாசி பிடித்திருக்கிறது, சனிக்கிழமை எல்லாருமாய் வந்து தேய்த்துக் கழுவவேண்டும் என்றா. சொன்னபடி வந்து கழுவினார்கள். இத்தனை வருசத்தில் அந்தக் கட்டை ஒருவர் கழுவி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பென்சனியர் காலை ஆள். ஆகையால் அவர் பின்னேரம் நடப்பதைப் பார்ப்பதில்லை. ஆனால் மட்டை காலையிலும் தூணில் கிடந்தது. முதல்நாள் அதன் முன்னே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் தன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார். உள்ளே வந்து என்னிடம் அமைதியாகக் கேட்டார்.

“பிள்ளை, நீர் இந்த ஊர்ப் பிள்ளைதானே?”

“சரவணை ஐயா. தெரியும்தானே.”

“அதுதான் கேட்டனான். பிற தேசத்து ஆள் எழுதியிருந்தா விளங்காமல் எழுதினதெண்டு விட்டிடலாம்.”

அந்தப் படம் அன்று மத்தியானமே அவர்களுடைய குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கனடாவில் விடிந்ததும் எல்லாருக்கும் ஒரேயடியாக ஊர்ப்பற்று வந்துவிட்டது. இருபது, முப்பது வருசமாகக் கிணற்றை எட்டிப் பார்க்காதவர்கள். கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் கரைச் சனம் கிணற்றில் பங்கு கேட்கிறது என்றதும், பங்கை எழுதிக் கொடுத்ததே சபைதான் என்றதும், தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. இன்னொன்றும் சொல்கிறேன். இதே குடும்பம்தான் ஒவ்வொரு ஆனியிலும் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற அடியார்களுக்காக வீதியோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவது. எங்கள் நூலகக் கிணற்றிலிருந்துதான் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டு போவார்கள். பென்சனியர் வேட்டியோடு நின்று தன் கையால் செம்பில் வார்த்துக் கொடுப்பார். முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்தால் புண்ணியம். பக்கத்து ஒழுங்கைக்குக் கொடுத்தால் பங்காகிவிடும்.

ஒரு கிழமையில் செயலாளர் நன்கொடை உறுதியின் பிரதியோடு வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், கெட்ட மனுசன் அல்ல, பயந்தவர். உறுதியைக் காட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். நூலகத்துக்குக் காணி கொடுக்கப்பட்டிருக்கிறது, ‘கிணறு நீங்கலாக’.

“அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் குடிச்ச தண்ணி?” என்றேன்.

“அது அவையின்ரை பெருந்தன்மை மிஸ்,” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கம் வந்து வெளியே வேம்பைப் பார்த்தார். “அவை வழக்குப் போடப் போகினமாம். கிணறோட நிக்காது, கட்டிடத்துக்கும் வருவினம். நீங்கள் ஒரு விளக்கக் கடிதம் தந்தா இதை இதோட முடிச்சிடலாம்.”

“சேர், அந்தச் சொல் நீங்கள் அனுப்பின சுற்றுநிருபத்திலை கிடந்ததுதானே.”

“அதைத்தான் எழுதுங்கோ மிஸ்.”

எழுதினேன். ‘பங்காளர் என்ற சொல் சுற்றுநிருபத்தில் உள்ளவாறே பயன்படுத்தப்பட்டது. அச்சொல் காணியிலோ கிணற்றிலோ எவருக்கும் எவ்வித உரிமையையும் குறிக்காது.’ அதுவரை உண்மை. அத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதவேண்டி வந்திராது. கடிதம் மிகவும் குட்டையாகத் தெரிந்தது, இன்னும் ஒரு வரி வேண்டும்போல் இருந்தது. நான் இன்னொன்று எழுதினேன்: ‘மேற்படி நபர்கள் தற்செயலாக இக்கிணற்றில் நீர் அள்ளியவர்கள் ஆவர்.’ செயலாளர் அதைச் சொல்லித் தரவில்லை. பென்சனியர் கேட்கவில்லை. அந்தத் ‘தற்செயலாக’ முழுக்க முழுக்க என்னுடையது. கீழே கையெழுத்து வைத்து, பதவி முத்திரை குத்தினேன். என் வேலை பிழைத்தது, கட்டிடம் பிழைத்தது.

அடுத்த திங்கட்கிழமை கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் தவறி விழாமல் இருக்கவாம். அந்த வளவுக்குச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பென்சனியரிடம், மற்றது உத்தியோகத்தரின் பாவனைக்காக என் மேசை லாச்சியில்.

கரைக்குப் போய் அக்காவிடம் சொல்லவேண்டும் என்று தெரியும். ஒழுங்கை முடியும்வரை ஸ்கூட்டியில் போய், வாடிகள் தெரிகிற இடத்தில் திரும்பி வந்தேன். பிறகு தொலைபேசியில் சொன்னேன், கிணற்றில் திருத்த வேலை நடக்கிறது, ஒரு கிழமை வரவேண்டாம் என்று.

“ஓ, நல்லது பிள்ளை. கட்டு வெடிச்சுத்தான் கிடந்தது. திருத்தட்டும்,” என்றா. “நாங்களும் வந்து கை குடுக்கிறதோ? பங்குக்காரர் சும்மா இருக்கேலாது.”

“வேண்டாம் அக்கா. சபை ஆக்கள் பாப்பினம்.”

செயலாளர் என் விளக்கக் கடிதத்தின் பிரதியை அறிவித்தல் பலகையில் போடச் சொன்னார், எல்லாருக்கும் தெரியவேண்டுமாம், குடும்பத்தார் விரும்புகிறார்களாம். பலகை விறாந்தையில் இருக்கிறது. போட்டேன். கரைப்பக்கத்துப் பெண்கள் இந்தக் கிழமை வரமாட்டார்கள், பிறகு கழற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு. இருபது வருசம் அங்கத்தவர் இல்லை என்று அழுதவள், ஒரு அங்கத்தவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதை மறந்துபோனேன்.

அவ வியாழக்கிழமையே வந்தா. கையில் கான் இல்லை. புத்தகம் திருப்பிக் கொடுக்கும் நாள் என்று வந்திருக்கிறா, தவணை தவறாத ஆள். நான் உள்ளே மேசையில் இருந்தேன். விறாந்தையில் நின்று அவ பலகையைப் பார்ப்பது தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். விரலை வைத்து, வழக்கம்போலச் சத்தமாக, எழுத்துக்கூட்டி வாசித்தா. மரண அறிவித்தல் வாசிக்கிற அதே குரல். ‘எவ்வித உரிமையையும்’ என்ற இடத்தில் நிறுத்தி ஒரு மூச்சு எடுத்தா. அடுத்த வரிக்கு வந்தா. ‘தற்செயலாக’ என்பதை இரண்டு தரம் வாசித்தா. கீழே என் கையெழுத்தையும் வாசித்தா. பிறகு தலையைத் திருப்பிக் கிணற்றைப் பார்த்தா, மூடியைப் பார்த்தா, பூட்டைப் பார்த்தா.

உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றா.

“பிள்ளை, நாங்கள் தற்செயலாவோ வந்தனாங்கள்?”

நான் எழுந்து நின்றேன். சுற்றுநிருபம், வழக்கு, கட்டிடமே போயிருக்கும், என் வேலை என்று ஏதேதோ சொன்னேன். அவ நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டா. எல்லாம் விளங்கிய மாதிரித் தலையாட்டினா. நான் கடைசியாகச் சொன்னது இது: “அக்கா, தண்ணிதான் ஏலாது. புத்தகத்துக்கு ஒருத்தரும் மறிக்கேல்லை. நீங்கள் எப்பவும்போல வரலாம், இருக்கலாம், எடுக்கலாம்.”

அவ ஒரு பிளாஸ்ரிக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினா. பழைய பேப்பரில் அழகாக உறை போட்டிருந்தா, செதில் படாமல் இருக்க. அதற்கு மேலே தன் அங்கத்துவ அட்டையை வைத்தா.

“ஓம் பிள்ளை, ஒருத்தரும் மறிக்கேல்லை. அந்தக் காலத்திலையும் ஒருத்தரும் மறிக்கேல்லைத்தான். ஆனா தண்ணி தராத வீட்டிலை எங்கட ஆக்கள் இருக்கிறேல்லை. நீர் ஓம் எண்டு சொன்னதாலைதான் வந்து இருந்தனாங்கள்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மற்ற ஐந்து அட்டைகளையும் ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னா. செருப்பைப் போட்டுக்கொண்டு கேற்றைத் திறந்தா, வெளியே போய்க் கொழுக்கியைக் கவனமாகக் கொழுவிவிட்டு வலப்பக்க ஒழுங்கையில் நடந்தா.

புத்தகத்தின் உறையைக் கழற்றாமல் அப்படியே அலுமாரியில் வைத்தேன். திரும்பி வந்த திகதியைப் பதிவில் எழுதினேன். மணி மூன்று ஆகியிருந்தது. தாகமாக இருந்தது. லாச்சியைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், மூடியைத் திறந்து, எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன்.